வேலியோரத்துக் கல்லறைகள்



"நியாயத்தீர்ப்பும் கிருபையும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நம் சபைகளில் ஒருவரை ஒருவர் தீர்ப்பிடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம். கம்மல் போட்டவள், வேறு சாதியில் கட்டியவன், கணவனை விட்டு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தவன் என்று நாம் வாயில் போட்டு மெல்லாத ஆள் இல்லை. அவற்றையெல்லாம் இன்று விட்டுவிடுகிறேன். ஒரே ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அது நம் கல்லறைத் தோட்டத்தின் கடைசி ஓரம். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களை நாம் கொண்டுபோய் வைக்கும் இடம்.

மற்ற இடங்களில் தீர்ப்பிடப்பட்டவன் உயிரோடு இருக்கிறான். எதிர்த்துப் பேசலாம், வேறு சபைக்குப் போகலாம், மனந்திரும்பிவிட்டேன் என்று எழுந்து நின்று சாட்சி சொல்லலாம். இங்கே குற்றவாளி என்று நாம் நிறுத்தியிருப்பவனுக்கு வாய் இல்லை. அவன் பக்கம் பேச வேண்டிய தாயும் தகப்பனும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். பதில் சொல்ல ஆளே இல்லாத இடத்தில் ஒரு சபை எப்படி நடந்துகொள்கிறதோ, அதுதான் அந்தச் சபை உண்மையாகவே நம்புகிற உபதேசம் என்று நான் நினைக்கிறேன்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நம் மாநிலம்தான். ஆகவே இந்த மண்டபத்திலும் அப்படி ஒருவரை இழந்த குடும்பங்கள் இருக்கும். நான் பேசப்போவதில் ஏதாவது உங்கள் புண்ணில் பட்டால் மன்னியுங்கள். உங்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பொருளை எடுத்தேன்.

தெற்கே ஒரு சிற்றூர்ச் சபையில் நான் நின்று பார்த்த அடக்கத்தைச் சொல்கிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். நாற்பது வயதுக்காரர், பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடுகிறவர். வட்டிக்கு வாங்கிய பணம் தொழிலோடு சேர்ந்து மூழ்கிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து உடல் வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஆலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அதற்குள் கமிட்டியில் பேசி முடித்திருந்தார்கள். மணி அடிக்கவில்லை. போதகர் அங்கி போடாமல் வீட்டுக்கு வந்து ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். கல்லறைக்கு உபதேசியார்தான் வந்தார்.

பெட்டியைத் தூக்கியவர்கள் ஆலய வாசலுக்கு நேரே வந்ததும் பழக்கத்தில் கொஞ்சம் தாமதித்தார்கள். எந்தப் பெட்டியும் அந்த இடத்தில் திரும்பித்தான் அவர்களுக்குப் பழக்கம். கேட் சாத்தியிருந்தது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர், "நடங்கப்பா, நடங்க" என்றார். நடந்தார்கள். குழி வெட்டியிருந்தது அவருடைய தகப்பனார் இருக்கும் வரிசையில் இல்லை. உடைமரம் வளர்ந்து கிடந்த வேலியோரத்தில். பாடகர் குழுவில் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். பாடலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவருடைய அம்மா மட்டும் யாரைப் பார்த்தாலும் ஒன்றையே கேட்டார்கள். "ஏன் ஐயா, மணி அடிக்கலையே?"

அந்தப் போதகரை நான் குறை சொல்ல வரவில்லை. வழக்கத்தை மீறினால் சேகரத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அன்றிலிருந்து விடாமல் இருக்கிற கேள்வி வேறு. அந்தக் கூட்டத்தில் அதே வட்டிக்காரரிடம் கடன் வாங்கிய இன்னும் சிலர் நின்றிருப்பார்கள். இரவு தூக்கம் வராதவர்கள் நின்றிருப்பார்கள். அவர்கள் அன்றைக்கு எங்களிடம் என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்? சாகும் நினைப்பு வந்தால் இங்கே யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்பதைத்தானே?

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஆச்சரியமான இடத்தில் போய் நிற்கிறோம். கி.பி. 410-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டது. கிறிஸ்தவப் பெண்கள் பலர் பலாத்காரத்துக்கு உள்ளானார்கள். மானம் போனபிறகு ஏன் உயிரோடு இருக்கிறீர்கள் என்று கேட்கிற உலகம் அது. அந்தப் பெண்களுக்காக வாதாடத்தான் அகஸ்தீன் தம்முடைய பெரிய நூலின் முதற்பகுதியில் இந்தப் பொருளை எடுத்தார். உங்கள் சம்மதம் இல்லாமல் நடந்த எதுவும் உங்கள் குற்றம் ஆகாது, நீங்கள் சாக வேண்டியதில்லை, கொலை செய்யாதே என்ற கட்டளை உங்கள் உயிரையும் காக்கத்தான் இருக்கிறது என்று வாதாடினார். கேளுங்கள், எவ்வளவு இரக்கமான ஆரம்பம்! வாழ முடியாமல் தவித்த பெண்களுக்கு வாழ அனுமதி கொடுக்க எழுதப்பட்ட வாதம் அது. நூறு, நூற்றைம்பது வருஷம் போவதற்குள் அதே வாதம் செத்துப்போனவர்களைத் தண்டிக்கிற சட்டமாகிவிட்டது. ஆறாம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் பிராகா நகரத்தில் கூடிய ஆயர் மன்றம், தற்கொலை செய்தவர்களுக்குச் சங்கீதம் பாடக் கூடாது, காணிக்கை ஆராதனையில் அவர்களை நினைவுகூரக் கூடாது என்று தீர்மானித்தது.

இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்களை நாற்சந்தியில் புதைத்தார்கள். சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1823-இல் சட்டத்தைத் திருத்தி, கல்லறையில் வைக்கலாம், ஆனால் இரவு ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், எந்த ஆராதனையும் இல்லாமல் வைக்க வேண்டும் என்றார்கள். அது அந்தக் காலத்தில் முன்னேற்றம்! 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு மேலே ஒரு குறிப்பு உண்டு. ஞானஸ்நானம் பெறாதவர், சபை நீக்கம் செய்யப்பட்டவர், தன்மேல் தானே கைவைத்துக்கொண்டவர் ஆகிய மூவகையினருக்கும் இந்த ஆராதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. மிஷனெரிமார் ஜெபப்புத்தகத்தைக் கொண்டுவந்தபோது அந்தக் குறிப்பும் கூடவே கப்பலேறி நம் கரைக்கு வந்தது. நாம் ஏதோ சீனாய் மலையிலிருந்து இறங்கிய கட்டளை மாதிரி அதைக் காத்துவருகிறோம்.

நமக்கு அனுப்பியவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை 1917-இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பில், மனமறிந்து தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்தப் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிட்டார்கள். 1992-இன் மறைக்கல்வி நூல், மனநோயும் கடும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், இவர்களுடைய இரட்சிப்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் கற்பிக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை 2017-இல் தன் பழைய விதியை மாற்றிக்கொண்டது. நம் அரசாங்கமும் அசைந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குப் பராமரிப்புத் தருவது அரசின் கடமை என்று சொல்கிறது. முயன்றவரைச் சிறைக்கு அனுப்பிய பழைய சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் இறங்கிவந்த இடத்துக்கு ஆலயம் இன்னும் வரவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சட்டம் எப்படியும் மாறும், வேதம் மாறுமா?" என்று கேட்பீர்கள். வேதத்தையே திறப்போம். கில்போவா மலையில் தன் பட்டயத்தின்மேல் விழுந்த சவுலின் உடலை எதிரிகள் மதிலில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் கீலேயாத்தின் மனிதர்கள் இரவெல்லாம் நடந்துபோய் அதை இறக்கிக் கொண்டுவந்தார்கள். எலும்புகளை ஒரு மரத்தின்கீழ் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தாவீது என்ன செய்தான்? ஆள் அனுப்பி அவர்களை வாழ்த்தினான். சவுலுக்காகப் புலம்பல் பாடினான். தன்னைக் கொல்லத் துரத்தியவனுக்காக! அகித்தோப்பேலை எடுத்துக்கொள்ளுங்கள். தாவீதுக்கு எதிரான கலகத்துக்கே ஆலோசனை சொன்னவன். தன் யோசனை எடுபடவில்லை என்று கண்டதும் வீட்டுக்குப் போய், காரியங்களை ஒழுங்குபண்ணிவிட்டு, உயிரை விட்டான். அவன் தன் தகப்பன் கல்லறையில் அடக்கம் பண்ணப்பட்டான் என்று சாமுவேலின் புத்தகம் எழுதிவைத்திருக்கிறது. தகப்பன் கல்லறையில். வேலியோரத்தில் இல்லை.

எலியாவை யோசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கியவர், அதற்குப் பிறகு யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். நம்மில் ஒருவர் அந்தச் செடிப்பக்கம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? உமக்கு விசுவாசம் போதவில்லை, அவ்வளவு பெரிய அற்புதத்தைக் கண்டும் இப்படிப் பேசலாமா, சாத்தானுக்கு இடம் கொடுத்துவிட்டீர் என்று சொல்லியிருப்போம். தேவதூதன் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்தான். எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அவன் தூங்கவிட்டான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்து, உமக்கு முன்னால் உள்ள வழி தூரம் என்றான். சோறும் தூக்கமும்தான் அன்றைக்குக் கிருபை. ஓரேப் மலையின் பேச்செல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

யூதாஸை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். நம் பிரசங்கங்களில் தற்கொலை என்றாலே யூதாஸ்தான். பிரான்சில் வெசலே என்ற ஊரில் மகதலேனா மரியாளின் பேரால் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆலயம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு தூணின் தலைப்பில் ஒரு பக்கம் யூதாஸ் செத்துத் தொங்குவதைச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் மறுபக்கத்தில் ஒரு மனிதர் அந்த உடலைத் தோளில் போட்டுச் சுமந்துகொண்டு போகிறார். ஆட்டைச் சுமக்கிற மேய்ப்பனைப் போலவே சுமக்கிறார். அவர் நல்ல மேய்ப்பன்தான் என்று போப் பிரான்சிஸ் பலமுறை சொன்னார். அந்தச் சிற்பி என்ன நினைத்தானோ, யூதாஸின் முடிவு என்னவோ, தேவனுக்குத்தான் தெரியும். ஆனால் எண்ணூறு வருஷத்துக்கும் முன்னாலேயே ஒரு கல்தச்சன் கையில் அப்படி ஒரு சந்தேகம் எழுந்திருக்கிறது. நமக்கு அந்தச் சந்தேகம்கூட வருவதில்லை.

இப்போது உங்களில் பலர் மனதில் இருக்கிற தடைக்கு வருகிறேன். நேர்மையான தடை. "ஐயா, அடக்கத்தை நன்றாகச் செய்துவிட்டால் மற்றவர்களுக்குப் பயம் விட்டுப்போகும். நரகம் என்ற வேலி இருப்பதால்தான் எத்தனையோ பேர் திரும்பி வருகிறார்கள்." பயத்தால் திரும்பியவர்கள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் 1897-இலேயே எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் இதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஐரோப்பாவில் புராட்டஸ்டண்டுப் பகுதிகளைவிடக் கத்தோலிக்கப் பகுதிகளில் தற்கொலை குறைவாக இருப்பதைக் கண்டார். நரக பயம் காரணமா? இரண்டு சபைகளும் தற்கொலையை ஒரே கடுமையோடு தடுத்தன, மறுமையில் தண்டனை உண்டு என்று இரண்டுமே போதித்தன. வித்தியாசம் அங்கே இல்லை, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எவ்வளவு நெருங்கிக் கட்டுண்டிருந்தார்கள் என்பதில்தான் இருந்தது என்றார். அவருடைய புள்ளிவிவரங்களில் பிற்காலத்தார் குறை கண்டது உண்டு. என்றாலும் அவர் எழுப்பிய கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆளைப் பிடித்து நிறுத்துவது பயம் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிறுத்தியிருக்க வேண்டுமே!

நம் ஊர் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. பயம் ஆளை நிறுத்துகிறதோ இல்லையோ, வாயை நிச்சயமாக அடைத்துவிடுகிறது. ஜெபக்கூட்டத்தில் சர்க்கரை வியாதிக்கு ஜெபம் கேட்கிறோம், முழங்கால் வலிக்குக் கேட்கிறோம், மகனுடைய விசாவுக்குக் கேட்கிறோம். எனக்குச் சாக வேண்டும்போல் இருக்கிறது, ஜெபியுங்கள் என்று யாராவது எழுந்து கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா? மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கைப்பையின் அடியில் மறைத்து வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிறார்கள். ஜெபத்தில் குறைவு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஓல்னி என்ற ஆங்கிலேயச் சிற்றூரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிருபையைப் பற்றிய உலகத்தின் மிகப் பிரபலமான பாட்டு அங்கேதான் பிறந்தது. எழுதியவர் ஜான் நியூட்டன், அந்த ஊர் ஆலயத்தின் போதகர். 1773 ஜனவரி முதல் தேதி ஆராதனைக்காக அதை எழுதினார். அவர் கதை நமக்குத் தெரியும். அடிமை வியாபாரக் கப்பலில் இருந்தார், 1748-இல் புயலில் சிக்கினார், மனந்திரும்பினார். அதற்குப் பிறகு நடந்ததை நாம் மேடையில் சொல்வதில்லை. மனந்திரும்பிய பிறகும் அவர் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனாகப் போனார். 1754 வரை கடலில் இருந்தார். அந்த வியாபாரம் பாவம் என்று வெளிப்படையாக எழுதியது 1788-இல். புயலுக்கும் அந்தச் சிறுநூலுக்கும் நடுவே நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷமும் தேவன் அவரோடு பொறுமையாக இருந்தார். அவருடைய பாட்டைக் கண்ணீரோடு பாடுகிற நாம், செத்துப்போன ஒருவனிடம் ஒரு சாயங்காலம் பொறுமையாக இருக்க மாட்டேன் என்கிறோம்.

அதே ஊரில் நியூட்டனின் நண்பர் ஒருவர் இருந்தார். வில்லியம் கூப்பர், அந்தக் காலத்தின் பெரிய கவிஞர். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரு தோட்டம். அதன் வழியாகப் போய்வர ஒரு நடைபாதை வைத்துக்கொண்டு தினமும் சந்தித்தவர்கள். ஓல்னி பாட்டுப்புத்தகத்தை இருவருமாகத்தான் எழுதினார்கள். கூப்பருக்கு வாலிபத்திலேயே கடுமையான மனநோய் வந்து, உயிரை விட முயன்று, மருத்துவமனையில் இருந்து தேறியிருந்தார். நியூட்டன் கிருபையைப் பாடிய அதே ஜனவரி மாதத்தில் கூப்பருக்கு நோய் மறுபடி வந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவருக்குள் உறைந்துபோனது. ஏப்ரலில் கூப்பர் நியூட்டனின் வீட்டுக்கு வந்தார், திரும்பிப் போக மறுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கும் மேல் நியூட்டனும் அவர் மனைவி மேரியும் தங்கள் வீட்டிலேயே வைத்துக் காத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் கூப்பர் மறுபடி உயிரை விட முயன்றார். அப்போதும் வெளியே அனுப்பவில்லை.

அதன்பிறகு கூப்பர் 27 வருஷம் வாழ்ந்தார். ஆலயத்துக்குள் ஆராதனைக்குப் போகவில்லை. தான் கைவிடப்பட்டவன் என்ற எண்ணம் மரணம்வரை போகவில்லை. நம் கணக்கில் அவர் பின்மாற்றக்காரர். நியூட்டனும் தேவதூதன் இல்லை. கூப்பர் உலகப்பிரகாரமான சிநேகிதர்களோடு பழகுகிறார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 1786-இல் கண்டித்து எழுதியிருக்கிறார், அது கூப்பரை மிகவும் புண்படுத்தியது. ஆனாலும் சிநேகிதத்தை விடவில்லை. 1800-இல் கூப்பர் இறந்தபோது வயதான நியூட்டன் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தார். தன் நண்பர் கர்த்தரிடத்தில் சேர்ந்துவிட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தன் இரட்சிப்பைத் தன்னாலேயே நம்ப முடியாத ஒருவனுக்காக, பக்கத்து வீட்டுக்காரன் 27 வருஷம் நம்பினான். சபை என்று ஒன்று இருப்பது எதற்காக என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு போதகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் சாட் வாரா என்ற இளம் உதவிப் போதகர், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கத்தை நடத்தினார். அவருடைய முதல் அடக்கங்களில் ஒன்று. அந்தச் சிறுமிக்கு மாதவிலக்கு வந்திருக்கிறது. அது என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏதோ வெட்கப்பட வேண்டிய நோய் வந்துவிட்டது என்று நினைத்து உயிரை விட்டுவிட்டாள். கேட்பதற்கு ஒரு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அந்தக் குழியருகே எடுத்த தீர்மானம் பதினெட்டு வருஷம் அவருக்குள் கிடந்தது. 1953 நவம்பர் 2-ஆம் தேதி, லண்டனில் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாக நினைப்பவர்கள் என்னைக் கூப்பிடுங்கள் என்று அறிவித்தார். செய்தித்தாள் ஒன்று அவரை நல்ல சமாரியன் என்று எழுத, அந்த ஊழியத்துக்கே சமாரியர்கள் என்று பெயர் விழுந்துவிட்டது.

நேரில் வந்தவர்கள் ஏராளம். அவர் ஒருவரால் எல்லாரையும் பார்க்க முடியவில்லை. காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்களை வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, போதகரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் பலர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களில் முழு வேலையையும் அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். ஒரு கண்டிப்பான விதியும் வைத்தார். யாருக்கும் பிரசங்கம் பண்ணக் கூடாது, மதம் மாற்றப் பார்க்கக் கூடாது, கேட்க வேண்டும். ஆலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு போதகர் வைத்த விதி இது. அந்த வழியில் உலகெங்கும் தோன்றிய அமைப்புகளோடு சேர்ந்ததுதான் சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா. எத்தனை தாய்தகப்பன்மார் தங்கள் பிள்ளை இன்று உயிரோடு இருப்பதற்கு அந்தத் தொலைபேசிக்கு நன்றி சொல்ல வேண்டும்! ஒரு குழியருகே ஒரு போதகர் தீர்ப்புச் சொல்லாமல் தீர்மானம் எடுத்ததிலிருந்து வந்த காரியம்.

இதற்கு நேர்மாறான அடக்கம் ஒன்றும் நடந்தது. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பதினெட்டு வயது மகனை இழந்த பெற்றோர், அவன் எப்படி வாழ்ந்தான் என்பதைப் பேசும்படி குருவானவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் தற்கொலையைப் பற்றியே பிரசங்கித்தார். அந்தச் சொல்லை ஆறு முறை சொன்னதாகப் பெற்றோர் சொன்னார்கள். தகப்பன் எழுந்து பிரசங்க பீடத்தருகே போய், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று மெல்லக் கேட்டார். குருவானவர் நிறுத்தவில்லை. பின்னர் மறைமாவட்டம் மன்னிப்புக் கேட்டது, அடக்க ஆராதனைகளில் அவர் பிரசங்கிக்க மாட்டார் என்று அறிவித்தது. ஒன்றைக் கவனியுங்கள். பிறகு வெளியான அந்தப் பிரசங்கத்தின் வாசகத்தில் தேவ இரக்கத்தைப் பற்றியும் இருந்தது. உபதேசக் கணக்கில் பெரிய பிழை இல்லை. ஆனால் எதிரே பெட்டி இருந்தது, பெட்டியருகே அம்மா இருந்தாள். உபதேசம் சரியாக இருந்தும் கிருபை இல்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னால், கிருபையை மலிவாக்குகிறீர்கள் என்பார்கள். மலிவான கிருபை என்று உலகத்தை எச்சரித்தவர் டீட்ரிக் போன்ஹோபர். 1937-இல் சீஷத்துவத்தைப் பற்றி எழுதிய நூலில் அந்த எச்சரிக்கையைக் கொடுத்தார், 1945-இல் ஹிட்லரின் ஆட்கள் அவரைத் தூக்கிலிடும்வரை அதை வாழ்ந்தும் காட்டினார். அதே போன்ஹோபர்தான் ஒழுக்கவியலைப் பற்றிய தம் எழுத்தில், தற்கொலை தவறு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, இந்த மிகக் கடினமான சோதனையில் விழுந்தவனைத் தேவ கிருபையால் தாங்க முடியாது என்று யார் துணிந்து சொல்வார் என்று கேட்டார். பிறகு டேகல் சிறையில் இருந்தபோது, அதே நினைப்பு தமக்கும் வந்ததைத் துண்டுத்தாளில் குறித்துவைத்தார். கிருபையின் விலையை அறிந்த மனிதர்தான் அதைக் கொடுக்கக் கை கூசாதவராக இருந்தார்.

ஆகையால் சேகரத் தலைவர்களிடமும் கமிட்டி அங்கத்தினர்களிடமும் சில காரியங்களைக் கேட்கிறேன். அடுத்த அடக்கம் எப்படிப்பட்ட மரணமாக இருந்தாலும் மணி அடிக்கட்டும், வாசல் திறந்திருக்கட்டும், போதகர் அங்கி போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடக்கட்டும். குழி குடும்ப வரிசையிலேயே வெட்டப்படட்டும். அந்த ஆத்துமா எங்கே போயிருக்கும் என்ற ஆராய்ச்சி பிரசங்கத்தில் வேண்டாம், வீட்டுத் திண்ணையிலும் வேண்டாம். மூன்றாம் நாள் ஜெபத்தோடு போவதை நிறுத்திவிடாமல், ஆறு மாதம் கழித்தும் அந்த வீட்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போங்கள். பிளஸ் டூ முடிவு வருகிற நாளில், பாடகர் குழுவிலிருந்தும் வாலிபர் சங்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பேர் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். 14416, 104 என்ற உதவி எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப்போடுங்கள். கூடவே, ஞாயிறு ஆராதனையில், தூக்கம் வராதவர்களுக்காகவும் வாழ்க்கை வெறுத்துப்போனவர்களுக்காகவும் பேர் சொல்லாமல் ஒரு விண்ணப்பம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட பிறகு ஒருவராவது போதகர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

ஏற்கனவே வேலியோரத்தில் இருப்பவர்களை என்ன செய்வது என்றும் யோசித்திருக்கிறேன். எலும்புகளைத் தோண்டி இடம் மாற்ற வேண்டியதில்லை. வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கு நாம் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போவோம். இந்த வருஷம் முதலில் அந்த ஓரத்துக்குப் போவோம். அன்று அவர்களுக்கு வாசிக்காமல் விட்ட அடக்க ஆராதனையைப் போதகர் முழுவதுமாக வாசிக்கட்டும், பாடகர் குழு பாடட்டும். பெயர்களைச் சொல்லித்தான் வாசிக்க வேண்டும். பல குழிகளில் குருசு இல்லை, எழுத்து இல்லை, சிலவற்றில் மண்மேடுகூட இல்லை. அடக்கப் பதிவேட்டில் தேடினால் சில பெயர்கள் கிடைக்கும். மற்றவை அந்தந்த ஊர்ப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. ஓய்வுபெற்ற உபதேசியார்கள் நாலைந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் குழிகளில் பலவற்றின்மேல் ஜெபம் பண்ணியது நீங்கள்தான். கூட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் இருங்கள் ஐயா. நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருக்கிறேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கிற பெயர்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.